சாம்பாரில் வெல்லமும் சரோஜாவின் மெமரி கார்டும்

நான் கோபக்காரன். இதை நானே சொல்லிக்கொள்வதில் எனக்கு வெட்கமில்லை. அடுத்தவர் சொன்னால்தான் கோபம் வரும். ஓய்வு பெறும்வரை கல்லூரியில் இயற்பியல் நடத்தினேன். மாணவர்கள் எனக்கு வைத்திருந்த பெயர் ‘பிரஷர் குக்கர்’ என்பது பிரிவு உபசார விழாவில்தான் தெரிந்தது. (அங்கேயும் கத்தினேன்.) இப்போது பெங்களூர் தொம்மலூரில் மனைவி சரோஜாவுடன் இருக்கிறேன். மாணவர்கள் இல்லாததால் தெருவைப் பார்த்துக் கத்துகிறேன்.

தெருவும் என்னை ஏமாற்றுவதில்லை. சுற்றிலும் ஆபீஸ்கள் வந்த பிறகு, எங்கள் கேட்டின் முன்னால் இருக்கும் இடம் ஊருக்கே பொதுச்சொத்தாகிவிட்டது. ‘இங்கே வண்டி நிறுத்தாதீர்கள்’ என்று கன்னடத்திலும் ஆங்கிலத்திலும் பலகை எழுதி மாட்டினேன். மறுநாளே ஒருவர் அந்தப் பலகையின் நிழலில் காரை நிறுத்திவிட்டுப் போனார்.

அன்று காலையும் ஒரு வெள்ளைக் கார். பல் டாக்டரிடம் போக என் ஸ்கூட்டரை வெளியே எடுக்க முடியவில்லை. பல்வலி வேறு. ‘வீடியோ எடுத்துப் போலீசுக்கு அனுப்புகிறேன் பார்’ என்று உள்ளே ஓடினேன். என் போன் சார்ஜில் இருந்தது. ஃபிரிட்ஜ் மேல் சரோஜாவின் போன் இருந்தது. எடுத்தேன்.

அந்தப் போனில் என்ன இருந்தது என்பதை இங்கேயே சொல்லிவிட வேண்டும். அன்று எனக்கு நினைவுக்கு வராதது அதுதான்.

சரோஜாவின் அண்ணன் முனுசாமி அத்திபெலேவில் ஸ்பேர் பார்ட்ஸ் கடை வைத்திருக்கிறார். கடைக்குள்ளிருந்து அவர் பையனைக் கூப்பிட்டால் ஹைவேக்கு அந்தப் பக்கம் டீக்கடைக்காரர் திரும்பிப் பார்ப்பார், அப்படியொரு குரல். எங்கள் பேத்தி நிலாவுக்குக் காது குத்தியபோது, எங்கள் மகள் கவிதாவுக்குக் கூடப்பிறந்தவன் இல்லாததால், கவிதாவின் தாய்மாமனான அவரே குழந்தையை மடியில் வைத்துக்கொண்டார். அன்று முழுக்க அவர் ராஜ்ஜியம். வந்தவர்களையெல்லாம் கேலி செய்தார், குழந்தைக்கு மண்டபம் அதிரத் தாலாட்டுப் பாடினார். சரோஜா ஒன்றுவிடாமல் வீடியோ எடுத்தாள்.

அதற்குப் பிறகு கொஞ்ச நாளில் அவருக்குத் தொண்டையில் கட்டி. ஆபரேஷனில் குரல்வளையையே எடுத்துவிட்டார்கள். ஆள் பிழைத்தார், கடைக்கும் போகிறார். குரல்தான் இல்லை. தங்கையிடம் பேச வேண்டுமென்றால் போனில் எழுதி அனுப்புவார். சாயங்காலம் விளக்கேற்றியதும் சரோஜா அந்த வீடியோக்களைப் போட்டுக் கேட்பாள். எல்லாமே அந்த ஒரு மெமரி கார்டில்தான். மற்றவர்களுக்கு அனுப்பப் பார்த்தாளாம். ஃபைல் பெரியது, போகாது என்று போன் சொல்லிவிட்டதாம்.

அந்தப் போனைத்தான் நான் கேட்டுக்கு முன்னால் நீட்டிப் பிடித்தேன். கேமரா திறக்கவில்லை. கார்டில் ஏதோ கோளாறு, ஃபார்மேட் செய்தால்தான் பயன்படுத்த முடியும், செய்தால் உள்ளே இருப்பதெல்லாம் அழியும், செய்யட்டுமா என்று ஆங்கிலத்தில் ஒரு கேள்வி வந்து நின்றது. நான் பாதிதான் படித்தேன். ‘கேள்வியை முழுசாப் படிடா மடையா’ என்று எத்தனை தலைமுறை மாணவர்களைத் திட்டியிருப்பேன்! அந்த நான், நடுவில் வந்து கேள்வி கேட்கிறதே இந்தச் சனியன் என்ற எரிச்சலில், ‘சரி’ என்பதைக் குத்தினேன். (தொடவில்லை, குத்தினேன்.)

போன் உடனே பணிந்தது. கேமரா திறந்தது. நான் ஆரம்பித்தேன்.

“காடி தெகீரி ஸ்வாமி!” என்று வண்டியை எடுக்கச் சொல்லிக் கன்னடத்தில் தொடங்கி, சட்டத்தை ஆங்கிலத்தில் விளக்கி, வம்சத்தைத் தமிழில் விசாரித்தேன். கழுத்தில் அடையாள அட்டை தொங்க ஒரு பையன் நிதானமாக வந்து, “ஒன் மினிட் அங்கிள்” என்றான். அங்கிளாம்! கார் போன பிறகும் காலி இடத்தைப் படமெடுத்துக்கொண்டே கத்தினேன். கடைசியில் சாட்சிக்காகக் கேமராவை என் முகத்துக்குத் திருப்பி, பெயர், விலாசம், வகித்த பதவி எல்லாம் சொல்லி முடித்தேன்.

அந்த வீடியோவைப் போலீசுக்கு அனுப்பவே இல்லை. ஃபைல் பெரியது, போகவில்லை. அந்த எரிச்சலில் அதை அழித்துவிட்டேன்.

சாயங்காலம் விளக்கேற்றிவிட்டு வந்த சரோஜா கேட்டாள்: “என்னங்க, போன்ல அண்ணன் வீடியோ ஒண்ணையும் காணோமே?”

அந்த நிமிஷம்தான் காலையில் நான் படிக்காமல் விட்ட மறுபாதி எனக்குப் புரிந்தது. உடனே ஒரு யோக்கியன் என்ன செய்வான்? சொல்லிவிடுவான். நான் கத்தினேன். “போன் கம்பெனிக்காரன் செய்யற அயோக்கியத்தனம்! புதுசு வாங்க வைக்கறதுக்காகத் தானா அழியற மாதிரி பண்றான்!” கம்பெனியைத் திட்டினேன், அதைத் தட்டிக்கேட்காத அரசாங்கத்தைத் திட்டினேன், போனை வாங்கிக் கொடுத்த மகளையும் விடவில்லை. எவ்வளவு பயமோ அவ்வளவு சத்தம்.

மறுநாள் பொம்மனஹள்ளியிலிருந்து கவிதா லேப்டாப்போடு வந்தாள். சாப்பாட்டு மேஜையில் கார்டைச் செருகிவிட்டு அம்மாவிடம் சொன்னாள்: “அழாதம்மா. ஃபார்மேட் ஆனாலும் எல்லாம் உள்ளேதான் இருக்கும். மேல புதுசா எதையும் எழுதாம இருந்தா எடுத்துடலாம்.” பிறகு என் பக்கம் திரும்பினாள். “அப்பா, அதுக்கப்புறம் யாராவது இதுல வீடியோ எடுத்தீங்களா?”

“அவ போனை நான் எதுக்குத் தொடறேன்?”

“சும்மா கேட்டேன்ப்பா, கத்தாதீங்க.”

“நான் கத்தலை!” என்று கத்தினேன்.

மென்பொருள் ஓடியது. முதலில் வந்து நின்றது ஒரு பெரிய வீடியோ. “வந்துடுச்சும்மா!” என்று கவிதா அதைத் திறந்தாள். திரையில் என் செருப்புக்கால். “காடி தெகீரி ஸ்வாமி!”

அவர்கள் நிறுத்தவில்லை. வெள்ளைக் கார், பையன், அங்கிள், காலி இடம், கடைசியில் திரை முழுக்க என் முகம், பெயர், விலாசம், பதவி. எல்லாவற்றையும் உட்கார்ந்து பார்த்தோம். என் கத்தல் இவ்வளவு நீளம் என்று அதுவரை எனக்குத் தெரியாது.

“அப்பா,” என்றாள் கவிதா மெதுவாக, “மாமா வீடியோ இருந்த இடத்து மேலயே இது உட்கார்ந்திருக்கு.”

சரோஜா திட்டுவாள் என்று எதிர்பார்த்தேன். திட்டியிருந்தால் பதிலுக்குத் திட்டிச் சமாளித்திருப்பேன். அவள் என்னைப் பார்த்துச் சாதாரணமாகச் சொன்னாள்: “உங்க குரலை இந்தத் தெருவுல எங்க நின்னாலும் கேட்கலாம். எங்க அண்ணன் குரலை இனிமே நான் எங்க போய்க் கேட்பேன்?”

‘அந்தக் கார்க்காரன் மட்டும்’ என்று தொடங்கப் பார்த்தேன். வாழ்க்கையில் முதல்முறையாக என்மேலேயே எனக்குக் கோபம் வந்தது. அதை யாரிடம் கத்துவது?

கவிதா லேப்டாப்பை ஓடவிட்டுவிட்டுப் போனாள். போட்டோக்கள் வந்தன, பலவற்றில் பாதி சாம்பல் பட்டை. குழந்தையின் கால் இருந்தால் தலை இல்லை. தாலாட்டு வரவே இல்லை. மறுநாள் மத்தியானம் கவிதா மறுபடி வந்து ஒவ்வொரு வீடியோவாகத் திறந்தாள், ஒவ்வொன்றும் திறக்காமல் இறந்தது. கடைசியில் ஒரே ஒரு துண்டு ஓடியது.

படத்தில் நிலாவின் காது, புதுக் கம்மல். மண்டபத்துக்குள் எங்கோ என் குரல்: “சாம்பாரா இது? வெல்லத்தைக் கொட்டி வச்சிருக்கான்! பாயசம்னு சொல்லி ஊத்த வேண்டியதுதானே!” (சமையல்காரர் இந்த ஊர்ப் பக்குவத்தில் செய்திருந்தார். அதற்காக அவரை அடிக்கப் போயிருக்கிறேன்.) அதற்கு மேல், மண்டபம் நிறைய, முனுசாமியின் குரல், சிரிப்போடு:

“மாப்ள, கத்தாதீங்க! காது குத்தின குழந்தைகூட இவ்வளவு அழல!”

அவ்வளவுதான். படம் உறைந்துவிட்டது. அந்த மனிதரின் குரலில் உலகத்தில் மிஞ்சியிருப்பது இது ஒன்றுதான்.

“இன்னொரு தடவை போடு,” என்றாள் சரோஜா. கவிதா போட்டாள். “இன்னொரு தடவை.” ஒவ்வொரு தடவையும் முதலில் நான் கத்தினேன், அப்புறம் அவர் என்னை அடக்கினார்.

துண்டில் என் கத்தலை வெட்டிவிட்டு, முனுசாமியின் குரலை மட்டும் கவிதா எல்லோருக்கும் அனுப்பினாள். சின்ன ஃபைல், உடனே போய்விட்டது. அடுத்த வாரம் அத்திபெலே போனபோது, அவர் கடை வாசலில் ஆட்டோக்காரரோடு எனக்குத் தகராறு. நான் விரலை உயர்த்தியதும் முனுசாமி எழுந்து வந்தார், சட்டைப் பையிலிருந்து போனை எடுத்தார், அழுத்தினார். “மாப்ள, கத்தாதீங்க!” தெருவே திரும்பிப் பார்த்தது. ஆட்டோக்காரர் சிரித்தார். முனுசாமி சத்தமே இல்லாமல் தோள் குலுங்கச் சிரித்தார். நான் என் மச்சானிடம் மன்னிப்புக் கேட்கத்தான் அன்று போயிருந்தேன். கேட்டேன். என் முதுகில் ஓங்கி ஓர் அறை வைத்தார், பதில் அதுதான்.

இப்போது அந்தத் துண்டு எல்லோர் போனிலும் இருக்கிறது. இன்னும் எழுத்துக்கூட்டத் தெரியாத நிலாவுக்கும் எதை அழுத்த வேண்டும் என்று தெரியும். கேட் முன்னால் கார் நின்றால் நான் வாயைத் திறப்பதற்குள் வீட்டுக்குள்ளிருந்து முனுசாமி அதட்டுகிறார்.

ஆனால் சில நாள் கார் எதுவும் நிற்பதில்லை. தெரு சுத்தமாக இருக்கிறது, கரன்ட் போவதில்லை, எனக்கும் கோபம் வருவதில்லை. அந்த மாதிரி நாட்களில் சரோஜா விளக்கேற்றிவிட்டு, போனைக் கையில் வைத்துக்கொண்டு என் எதிரில் வந்து உட்காருவாள்.

“என்னங்க, இன்னிக்கு நீங்க இன்னும் கத்தவே இல்லையே?”

நான் தொண்டையைச் சரிசெய்துகொண்டு, அந்தச் சாம்பாரிலிருந்து ஆரம்பிக்கிறேன்.