சுவருக்கு நாடி பார்த்தவர்

"அக்டோபர் 9, வியாழன். ஒரு தவறு செய்துவிட்டேன். நேற்று வகுப்பில், ஊறவைத்த செங்கலைத் துடைக்காமலே தராசில் வைத்து, அது குடித்த தண்ணீரைக் கூடுதலாக எழுதினேன். செங்கல் மேல் குற்றமில்லை."

இதை எழுதிவிட்டுச் சின்னவள் சன்னல் வழியே எட்டிப் பார்த்தாள். தெருவே திரண்டு நின்றது. சுவர் வைத்தியர் வந்துவிட்டார்.

மனிதனுக்கு வைத்தியர் உண்டு, மாட்டுக்கும் உண்டு. சுவருக்கு இல்லையே என்ற குறையைத் தீர்க்கப் பிறந்தவர் அவர். கண்ணை இறுக மூடிக்கொண்டு மூன்று விரலைச் சுவரில் வைப்பார். கல்லா, ஓடா, மரமா, தனக்கு எது வேண்டும் என்று சுவரே சொல்லிவிடும். இதுவரை தொட்ட அறுபது வீட்டுச் சுவர்களும் ஒரே பொருளைத்தான் கேட்டன: அவர் விற்கும் 'உயிர்ப் பலகை'. சுவர்களுக்குள் அப்படி ஓர் ஒற்றுமை. மனிதர்களுக்கு வராது.

சின்னவளுக்குப் பகலில் மருந்துக் கடையில் வேலை, மாலையில் கட்டடப் பொருள் வகுப்பு. எதையும் இரண்டு முறை அளப்பாள். அளந்த பிறகும் தன்னைத்தான் சந்தேகப்படுவாள். அண்ணன் அவளுக்கு வைத்த பெயர் அளவுகோல்.

இன்று அவர்கள் வீட்டு முறை. முன்சுவரில் ஈரம். அதன் பின்னால்தான் அம்மா படுக்கும் அறை. ஈரம் ஏறினால் அம்மாவுக்கு மூச்சு இழுக்கும். வைத்தியர் தலையசைத்தால் நாளைக் காலை ஆட்கள் வந்து பூச்சை உரித்துப் பலகை அடித்துவிடுவார்கள். ஈரம் உள்ளேயே கிடக்கும். அம்மாவும் அதனோடு கிடக்க வேண்டியதுதான்.

"அப்பா, தண்ணி எங்கேருந்து இறங்குதுன்னு முதல்ல பார்க்கணும்பா. கூரைக் குழாய் அடைச்சிருக்குன்னு நினைக்கிறேன். செங்கல் நல்லாத்தான் இருக்கு. அடைப்பை எடுத்து, காயவிட்டு, பூசினாப் போதும்."

"நினைக்கிறியா, தெரியுமா?"

சின்னவள் நேர்மையாக யோசித்தாள். "நினைக்கிறேன்."

"அவருக்குத் தெரியுது. தையல்கார மாமா போன மாசம் பலகை போட்டார். எப்படி மின்னுது பாரு!"

மின்னத்தான் செய்தது. தையல்காரர் வீடு அடுத்த வீடு. இரண்டு முன்சுவர்களும் ஒன்றையொன்று ஒட்டியே நின்றன.

"அளவுகோலு, சுவருக்குக் காய்ச்சல் எத்தனை டிகிரின்னு நீயும் அளந்து சொல்லேன்" என்றான் அண்ணன்.

வைத்தியர் தெருவில் நின்றபடி கண்ணை மூடினார். "யாரும் வாயைத் திறக்கக் கூடாது. பேசினா நாடி கலைஞ்சிடும். நான் கண்ணைத் திறந்தாலும் கலைஞ்சிடும். வீட்டு ஆள் ஒருத்தர் கையைப் பிடிச்சுக் கூட்டிட்டுப் போங்க."

"நீயே போ. உனக்கும் நம்பிக்கை வரட்டும்" என்று அப்பா சின்னவளைத் தள்ளிவிட்டார்.

அவள் கையைப் பிடித்தாள். ஒருவேளை தான்தான் தப்போ? ஒருவேளை சுவர் பேசுமோ? பேசுகிற சுவர், தான் யார் வீட்டுச் சுவர் என்பதையும் சொல்லத்தானே செய்யும்? கேள்வி அவளுக்கு நியாயமாகப் பட்டது. வலது பக்கம் திரும்ப வேண்டியவள் இடது பக்கம் திரும்பினாள். தையல்காரர் வீட்டுச் சுவரின் முன் வைத்தியரை நிறுத்தினாள்.

கூட்டத்துக்கு வாய் பிளந்தது, பேச்சு வரவில்லை. உத்தரவு அப்படி. தையல்காரர் மட்டும் நெஞ்சை நிமிர்த்தினார். தன் சுவருக்கு நற்சான்று கிடைக்கப் போகிறதே!

மூன்று விரல் பலகையில் பதிந்தது.

"ஐயோ, அழுவுது" என்றார் வைத்தியர். "செங்கல் செத்துப் போச்சு. பூச்சு பூரா விஷம். சுவர் மூச்சுத் திணறுது. மேல இருக்கறதை இன்னைக்கே உரிச்சுத் தூர எறியணும். ஒரு துண்டு கூட வீட்டுப் பக்கம் இருக்கக் கூடாது."

"எறிஞ்சுட்டு?" என்று மெல்லக் கேட்டாள் சின்னவள்.

"என் பலகையைப் போடணும். பச்சைக் குழந்தை மாதிரி கேட்குது!"

"கண்ணைத் திறங்கய்யா."

திறந்தார். எதிரே அவருடைய பலகை. மூலையில் அவருடைய கடை முத்திரை.

முதலில் சிரித்தது அண்ணன்தான். ஆனால் வைத்தியர் லேசுப்பட்டவர் அல்லர். "ருசி கண்ட பூனை! ஒரு அடுக்குப் போட்ட சுவர் இன்னொரு அடுக்குக் கேட்குது" என்றார்.

கூட்டத்தில் பாதி "ஆமால்ல" என்றது. நம்பத் துணிந்தவனுக்கு நொண்டிச் சாக்கும் நாலுகால் பாய்ச்சல்.

சின்னவளுக்கு முகம் வாடிவிட்டது. "இருக்கலாம்" என்றாள். "ஒரு சோதனை போதாதுன்னு வகுப்புல சொல்லுவாங்க. மாமா, சன்னலுக்காகப் பலகையை அறுத்தாங்களே, அந்த ஓரத்தைக் கொஞ்சம் அமுக்குங்க."

தையல்காரர் அமுக்கினார். கட்டைவிரல் அடி வரைக்கும் உள்ளே போனது. வெளியே எடுத்தபோது நகத்தில் ஈர மரத்தூள்.

"தூளை ஒட்டிச் செஞ்சது மாமா. முகத்துல மட்டும்தான் பெயின்ட். அறுத்த ஓரம் மழையைக் குடிச்சிருக்கு."

தையல்காரர் விரலையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு நிமிர்ந்தார். "நாடி பார்க்கறேன்னு விரலை வச்சீரே, அதைக் கொஞ்சம் அழுத்தி வச்சுத் தொலைச்சிருக்கக் கூடாதாய்யா?"

வைத்தியருக்கு அவசரமாக வேறொரு சுவரின் நினைவு வந்தது. இம்முறை கையைப் பிடித்துக் கூட்டிப்போக யாரும் தேவைப்படவில்லை.

அம்மா சன்னல் கம்பியைப் பிடித்து நின்றாள். "சுவருக்கு மூச்சுத் திணறுதுன்னு தெருவே பதறுச்சு. உள்ள ஒருத்தி இருமறது யார் காதுலயாவது விழுந்துதா?"

அப்பா நாளை வரவேண்டிய ஆட்களை வேண்டாம் என்று சொல்லப் போய்விட்டார்.

அறுபது வீடு. ஒரு வீட்டில் ஒருவராவது வாங்கும் முன் பலகையில் ஒரு துண்டை அறுத்துத் தண்ணீரில் போட்டிருக்கலாம். கண்ணை மூடியவர் அவர் ஒருவர்தான் என்று தெரு இன்னும் நினைத்துக்கொண்டிருக்கிறது.

சின்னவள் நோட்டில் எழுதினாள்:

"நாளை, வெள்ளி. காலை ஆறரை: ஏணி. கூரைக் குழாய் அடைப்பை எடுக்க வேண்டும். ஒரு வாளி தண்ணீர் ஊற்றி, எங்கே ஒழுகுகிறது என்று பார்க்க வேண்டும். சுவர் காய்ந்த பிறகே பூச்சு. அப்பா ஏணியைப் பிடிப்பார்."