சாயம் வெளுத்த மலை

பிறர் உச்சரிப்பைத் திருத்துவதையே தொழிலாகக் கொண்டவன் தன் வாயிலிருந்து வருவதை ஒருபோதும் காதுகொடுத்துக் கேட்பதில்லை. இந்த உண்மையை வியட்நாமில், ஒரு மலையுச்சியில், உச்சிமுதல் உள்ளங்கால்வரை வெண்பொடி படிந்து நின்ற நிலையில் நான் உணர்ந்தேன்.

இலங்கை மலையகத்தின் அட்டன் நகரத்துப் பாடசாலையொன்றில் தமிழாசிரியனாக இருந்து ஓய்வுபெற்றவன் நான். 'மழை'யை 'மள' என்று சொன்ன மாணவர் எவரும் என் வகுப்பிலிருந்து எளிதில் மீண்டதில்லை. 'டீ' என்னும் சொல்லுக்கு என் வீட்டுக்குள் நுழைய அனுமதியே இல்லை. 'தேத்தண்ணி'யை மட்டும் பெரிய மனது பண்ணிப் பொறுத்துக்கொள்வேன். ஆனால் என் மனைவி மங்களம் அக்கரப்பத்தனையில் தேயிலைத் தோட்டத்து லயத்தில், தொழிலாளர் குடியிருப்பு வரிசையில், பிறந்து வளர்ந்தவள். பால் கலவாத, கடுஞ்சிவப்பான அந்த வெறுந்தேநீர் அவளுக்கு என்றும் 'சாயம்'தான். (அந்தச் சொல்லைத் திருத்த நான் முயன்றதுண்டு. முயன்ற நாள்களில் எனக்குச் சாயம் வரவில்லை. முயற்சியைக் கைவிட்டேன்.)

எங்கள் மகன் எழிலரசன் வியட்நாமில் ஓர் ஆடைத் தொழிற்சாலையில் மேலாளனாகப் பணிபுரிகிறான். வந்து சில நாள் தங்கிப் போங்கள் என்று அழைத்தான். புறப்படும் வேளையில் பயணப்பெட்டியின் எடை கூடிவிட்டது. பெட்டிக்குள் மங்களம் வைத்த தேயிலைத்தூள் பொதி ஒன்றும், நான் வைத்த சொற்பிறப்பியல் அகராதி ஒன்றும் இருந்தன. இரண்டிலொன்று இறங்கியாக வேண்டும்.

"வியட்நாமும் தேயிலை விளையும் நாடுதான். அங்கே தேநீருக்கா பஞ்சம்?" என்று கூறித் தேயிலையை இறக்கினேன்.

பஞ்சந்தான். மகன் வீட்டில் காலையிலும் கோப்பி, மாலையிலும் கோப்பி. அருகிலிருந்த கடையில் வாங்கிய பச்சைத் தேயிலையை ஊறவைத்துக் கொடுத்தான். மங்களம் ஒரு வாய் பருகிவிட்டு, "இது இலைய அலசுன தண்ணி தம்பி" என்று குவளையை நகர்த்தி வைத்தாள். மூன்றாம் நாள் அவளுக்குத் தலைவலி கண்டது. துவாயை எடுத்து நெற்றியை இறுக்கிக் கட்டிக்கொண்டாள். என்னோடு பேசுவதையும் நிறுத்திக்கொண்டாள். அகராதி மட்டும் மேசைமேல் நலமாக இருந்தது.

அன்றுதான் பழம்பெரும் பௌத்த ஆலயம் ஒன்றைக் காண மலைக்குப் போனோம். வண்டியை ஓட்டியவர் மகனின் உடன்பணியாளர் மிங் என்னும் இளைஞர். வண்டி நகர்ந்ததும் அவர் என் மகனை "எலி" என்று விளித்தார். நான் திடுக்கிட்டேன்.

"அது ஒண்ணுமில்லப்பா, எழில்ங்கிறது அவங்க வாய்ல வராது" என்றான் மகன்.

"வரவைப்போம்" என்றேன்.

வழி நெடுகிலும் மிங்கிற்கு ழகரம் கற்பித்தேன். நாவை மேலண்ணத்தை நோக்கி வளைத்துக் காட்டினேன். ஆட்காட்டி விரலை உயர்த்தி, "திரும்பச் சொல்" என்றேன். அவர் "எலி" என்றார். "திரும்பச் சொல்." "எலி." மலையடிவாரத்தை அடைந்தபோது எழில் அப்படியே எலியாகத்தான் இருந்தான், ஆனால் "திலும்பச் சொல்" என்பதை மிங் ஏறக்குறையக் கற்றுவிட்டிருந்தார்.

அவர் வண்டியோடு கீழே தங்கிவிட்டார். மகன் நுழைவுச்சீட்டு வாங்கப் போனான். அப்பொழுது தெருவோரத்து உணவுக்கடைகள் என் கண்ணில் பட்டன. பலகைக்குப் பலகை, உரோமன் எழுத்தில் ஒரே சொல்: 'சாய்'. என் மெய் சிலிர்த்தது.

"மங்களம், பார்த்தாயா? உன் சொல்! 'சாயம்' என்பதன் ஈற்று மகரம் கடல் கடந்து வரும் வழியில் உதிர்ந்திருக்கிறது. நம் தோட்டத்துச் சொல் எத்துணைத் தொலைவு பயணித்திருக்கிறது!"

அன்று முதன்முதலாக அவள் வாய் திறந்தாள். "உதிரட்டும். ஒரு கப்பு வாங்கித் தாங்க."

வாங்கித் தந்திருக்கலாம். ஆனால் சீட்டோடு திரும்பிவந்த மகன், "மூடுபனி எறங்குறதுக்குள்ள ஏறிருவோம்" என்று விரட்டினான். நானும் பெருந்தன்மையோடு, "உச்சியில் நானே கேட்டு வாங்கித் தருவேன். இது என் வாக்கு" என்றேன். கண்டுபிடிப்பை மகனிடம் சொல்லவில்லை. அவன் வியக்கும்படி மேலே வெளியிடுவதாக எண்ணம். (சொல்லியிருந்தால் இந்தக் கட்டுரையே இல்லை.)

கற்படிகள் மூங்கிற் காட்டுக்குள் வளைந்து வளைந்து ஏறின. மலைநாட்டான் எனக்கு மலையேற்றம் புதிதா என்று பேசிக்கொண்டே தொடங்கினேன். பாதிவழியில் பேச்சு நின்றது, மூச்சுமட்டும் பேசியது. உச்சியை அடைந்தபோது நுவரெலியாவின் பனிக்காலமே முன்னால் வந்து நின்றதுபோல் இருந்தது. அந்த வெண்மைக்கு நடுவே கருத்த மரத்தூண்கள் தாங்கிய தாழ்ந்த கூரை. முற்றத்தில் ஆள் உயர ஊதுபத்திக் கலயம். உள்ளே புத்தரின் முன்னால் கோபுரமாக அடுக்கிய பழங்களும் குளிர்பானத் தகரங்களும். பலநூறு ஆண்டுகளாக அசையாத அமைதி அது. அதைக் குலைக்கும் பொறுப்பு என்னிடம் ஒப்படைக்கப்பட்டிருந்தது.

தொழிற்சாலையிலிருந்து அழைப்பு வரவே, மகன் தொலைபேசியோடு படிகளில் சற்றுக் கீழே இறங்கினான். மங்களம் திண்டு ஒன்றில் அமர்ந்து, தலைக்கட்டை இன்னும் இறுக்கி, என்னை நிமிர்ந்து பார்த்தாள்.

"ஏங்க. சாயம்."

புறப்பட்டேன். மூக்குக்கண்ணாடி பனியில் மங்கியதால் கழற்றிச் சட்டைப்பையில் வைத்திருந்தேன். ஆலய மண்டபத்தின் பக்கச்சுவரில் பெரிய செந்நிறப் பலகை தெரிந்தது. கீழே கண்ட அதே சொல். இங்கே ஒரே பலகையில் இருமுறை. கீழே இல்லாத ஒரு சிறு சாய்கோடு மட்டும் எழுத்தின் தலைமேல் இருந்தது. ஒரு புள்ளி விடுபட்டால் மாணவனின் மதிப்பெண்ணையே வெட்டிய நான், அந்தக் கோட்டைத் தேநீரின் ஆவியைக் குறிக்கும் அலங்காரம் என்று முடிவு செய்தேன். பலகையின்கீழ் சிவந்த உருளைகள் சில நின்றன. வெந்நீர்க் கலன்கள், ஐயமேயில்லை.

கடையில் ஆள் இல்லை. ஆகவே குரல் கொடுத்தேன். தகரக்கூரையில் மழை அடிக்கும்போதும் வகுப்பின் கடைசி வாங்குவரை கேட்ட குரல் அது. வாழ்நாளில் முதன்முறையாகத் 'தேநீர்' என்னும் சொல்லைக் கைவிட்டு, கேள்வியாக, நன்கு மேலே தூக்கி,

"சாய்?"

மண்டபத்தில் ஓதல் நின்றது.

"சாய்?" என்றேன் மறுபடி, பலகையைச் சுட்டிக்காட்டி. தட்டோடு நின்ற பெண்ணொருத்தி ஊதுபத்திப் புகையையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தாள். இன்னுமா புரியவில்லை என்ற எரிச்சலில், இம்முறை குரலைத் தாழ்த்தி, அழுத்தி,

"சாய்!"

அவ்வளவுதான். பெண்கள் தட்டுகளைப் போட்டுவிட்டு ஓடினர். பானத் தகரங்கள் படிகளில் உருண்டன. மணி அடித்தது. காலணிகளை விட்டுவிட்டு வெறுங்காலோடு ஒரு கூட்டமே முற்றத்தைக் கடந்தது. காவலர் ஒருவர் பாய்ந்துவந்து 'வெந்நீர்க் கலன்' ஒன்றைத் தூக்கி, முதலில் ஊதுபத்திக் கலயத்தின்மேல் வெண்பொடியைப் பீய்ச்சினார். பிறகு என்னிடம் திரும்பி ஏதோ கேட்டார். யாருக்குத் தேநீர் என்று கேட்கிறார் போலும் என எண்ணி, "எனக்கு" என்னும் பொருள்பட என் மார்பைத் தொட்டுக் காட்டினேன், "சாய்?" என்றும் பணிவோடு சேர்த்துக்கொண்டேன்.

என் வேட்டியில் தீப்பிடித்ததாக அவர் கருதியிருக்க வேண்டும். கடமையைக் குறைவறச் செய்தார்.

பொடி அடங்கியபோது மகன் மூச்சிரைக்க எதிரில் நின்றான். காவலர் அவனிடம் படபடவென்று பேசினார்.

"அப்பா, நெருப்பு எங்கன்னு கேக்கிறாரு."

"நெருப்பா? நான் கேட்டது தேநீர்."

"என்னான்னு கேட்டீங்க?"

சொன்னேன். காவலர் மறுபடியும் கலனைத் தூக்கினார். மகன் என் வாயைப் பொத்தினான்.

"ஐயோ, சொல்லாதீங்க! இவங்க பாசையில சத்தத்த மாத்துனா அர்த்தமே மாறும். சமமா சொன்னா மரக்கறிச் சாப்பாடு. மேல தூக்குனா நெருப்பு. கீழ போட்டா ஓடு. நீங்க இவ்வளவு நேரமும் 'நெருப்பு, நெருப்பு, ஓடு'ன்னு கத்தியிருக்கீங்க! அந்த போர்டு தீயணைக்கிற போர்டு!"

என் ஆராய்ச்சி முழுவதும் அந்த முற்றத்தில் பொடியோடு பொடியாகக் கிடந்தது. மங்களத்தின் முகத்தைப் பார்க்க அஞ்சினேன். வாக்குக் கொடுத்துவிட்டு வெறுங்கையோடு, வெண்கோலத்தோடு நிற்கிறேன். அவள் எழுந்து வந்தாள். என்னை மேலும் கீழும் பார்த்தாள்.

"புத்தர் கோயிலுக்கு வந்து ஒடம்பு பூரா துண்ணூறு பூசிக்கிட்ட ஒரே ஆளு நீங்கதான்."

சொல்லி முடிப்பதற்குள் சிரிப்பு வெடித்துவிட்டது. தலைக்கட்டு அவிழ்ந்து தோளில் விழும்வரை சிரித்தாள். மகன் சிரித்தான். விவரம் அறிந்த காவலரும் சிரித்தார். காலணி தேடித் திரும்பிய பக்தர்கள், நடந்ததைக் கேட்டறிந்து, என்னைக் கடக்கும்போது ஒவ்வொருவராகக் கைகூப்பிச் சிரித்தார்கள். (ஓய்வுபெற்ற நாளில்கூட எனக்கு இத்தனை பேர் கைகூப்பவில்லை.)

முதிய பிக்குணி ஒருவர் எங்களைப் பின்கட்டுக்கு அழைத்துச்சென்றார். சிறு மண்கலத்தில் நெடுநேரம் ஊறியதை, அதனினும் சிறிய கிண்ணங்களில் ஊற்றினார். மங்களம் கண்ணை மூடிக்கொண்டு ஒரு வாய் பருகினாள்.

"நெறம் பத்தாது" என்றாள். பிறகு கிண்ணத்தை மறுபடி நீட்டினாள். "ஆனா கடுப்பு இருக்கு. இது சாயம்."

கீழே வண்டியில் மிங் எல்லாவற்றையும் மகனிடம் கேட்டறிந்தார். திரும்பும் வழியெங்கும் அவர் எனக்குப் பாடம் நடத்தினார். சமமாக ஒருமுறை, உயர்த்தி ஒருமுறை, தாழ்த்தி ஒருமுறை. நான் சொல்வேன். அவர் ஒரு கையால் வண்டியைச் செலுத்திக்கொண்டே மறுகையின் ஆட்காட்டி விரலை உயர்த்துவார்.

"திலும்பச் சொல்."

பின்னிருக்கையில் மங்களம் புடைவைத் தலைப்பை வாயில் அடைத்துக்கொண்டு குலுங்கினாள்.

ஊர் திரும்பியும் அது ஓயவில்லை. அட்டன் பேருந்து நிலையத்தருகே தேநீர்க்கடை வைத்திருக்கும் என் பழைய மாணவன், நான் வருவது கண்டால், "சேர் வாராரு, வாலில தண்ணி புடிச்சு வையி" என்று உள்ளே குரல் கொடுக்கிறான். அவன் 'வாளி'யின் ளகரத்தை லகரமாகத்தான் சொல்கிறான். நான் திருத்துவதில்லை.

வீட்டில் நான் இப்பொழுதும் 'தேநீர்' என்றுதான் கேட்கிறேன். மிகவும் சமமாக, ஏற்றமும் இறக்கமும் இன்றி. "நெருப்பா, சோறா, ஓட்டமா? சரியாச் சொல்லுங்க" என்று அடுக்களையிலிருந்து கேள்வி வரும். பதில் சொன்ன பிறகும் மங்களம் முதலில் அடுப்பைத்தான் அணைக்கிறாள். அதன் பிறகே சாயம் வருகிறது.