நேர்காணலுக்குப் போன ஏலக்காய்ச் சட்டை

படித்தவனும் முட்டாள்தனம் செய்வான். ஆனால் அதற்கு ஒரு விஞ்ஞானக் காரணம் வைத்திருப்பான்.

மதுரையில் எனக்கு இயற்பியல் ஆராய்ச்சி இடத்துக்கான நேர்காணல். எங்கள் வீட்டில் பள்ளிக்கூட வாசலை மிதித்த முதல் ஆள் நான். இடம் கிடைக்காவிட்டால் அப்பாவோடு எஸ்டேட் வேலைக்குப் போவது என்று பேச்சு முடிந்திருந்தது. போடிமெட்டுக்கு மேலே சாரல் விடவே இல்லை. இருந்த ஒரே வெள்ளைச் சட்டையும் காயவில்லை. அப்பா அடுப்பெரிக்கும் ஏலக்காய் ஸ்டோரில் (பச்சைக் காயைச் சூட்டில் உலர்த்தும் அறை) அதை விரித்துப் போட்டேன்.

"வேணாம்ப்பு, காய் வாசம் ஏறிக்கிரும்" என்றாள் அம்மா.

ஈரம் வெளியேறும்போது வாசனை உள்ளே நுழையாது என்று அவளுக்கு விளக்கினேன் (சொன்னேனே, படித்தவன்).

நுழைந்திருந்தது. மலையிறங்கும் ஜீப்பில் டிரைவர் அண்ணன் மூக்கைத் தூக்கினார். "என்ன மாப்ளே, ஒன்னையும் லோடுல சேத்து எடை போட்றவா?" ஜீப்பு முழுக்கச் சிரிப்பு.

நேர்காணல் அறையில் ஏசிக்காக ஜன்னலெல்லாம் சாத்தியிருந்தார்கள். "புலம்னா, அதாவது ஃபீல்டுன்னா என்ன?" என்று பக்கத்திலிருந்த பேராசிரியை கேட்டார். கேட்டதும் தும்ம ஆரம்பித்தார். வாரக்கணக்கில் மனப்பாடம் செய்த சமன்பாடுகள் அந்தத் தும்மலில் பறந்தே போயின. சற்றுப் பொறுத்து, கடைசி நாற்காலியிலிருந்த பெரியவர் மூக்கை உறிஞ்சினார். "யாருப்பா பாயசம் கொண்டுவந்தது?"

"நான்தான் சார். சட்டை" என்றேன். அப்புறம் வாய் தானாகப் பேசியது.

"இதுதான் சார் புலம். இந்த ரூம்ல எந்தப் புள்ளிய எடுத்தாலும் அங்க வாசனைக்கு ஒரு அளவு இருக்கு. மேடத்துகிட்ட அதிகம், ஒங்ககிட்ட கம்மி. நான் ஒங்களத் தொடல. ஒரு புள்ளி பக்கத்துப் புள்ளிக்குக் கைமாத்திக் கைமாத்தி வந்திருக்கு, அதான் லேட்டு. சூரியன் பூமியத் தொடாம எப்படி இழுக்குதுன்னு கேட்டாலும், புலத்த வச்சாத்தான் சார் பதில் சொல்ல முடியும்."

பெரியவர் எழுந்து கதவுவரை போய் மோந்தார். திரும்பி என் தோளருகே வந்தும் மோந்தார்.

"இந்த உதாரணம் எங்க உதைக்கும்?"

"வாசனைக்குக் காத்து வேணும் சார். ஈர்ப்புப் புலத்துக்கு வெற்றிடமே போதும்."

பேராசிரியை தும்மிக்கொண்டே தலையாட்டினார்.

இடம் கிடைத்தது. அன்று மலையேறும்போது டிரைவர் அண்ணன் ஒவ்வொரு வளைவிலும், எதிரே வண்டி இல்லாமலே ஹாரன் அடித்தார்.

போன மாதம் தங்கைக்கு ஒரு நேர்காணல். அவளுடைய காய்ந்த துப்பட்டாவை அம்மாவே எடுத்துக்கொண்டு ஸ்டோருக்கு நடந்தாள்.

"வாசம் ஏறிக்கிரும்மா" என்றேன்.

"ஏறட்டும்ப்பு, அதுக்குத்தான போடுறேன்."