தண்ணீருக்குள் போன சிவப்பு

திகாம் பத்து,
3 மார்ச் 1952

கண்ணியத்துக்குரிய மச்சான் முகம்மது ஹனீபா அவர்களுக்கு, அஸ்ஸலாமு அலைக்கும். இங்கே உங்கள் தங்கையும் மணப்பெண் ஜரீனாவும் நலம். நான் நேற்று மாலையிலிருந்துதான் நலம்.

பினாங்கிலிருந்து என் கடைக்கு நீங்கள் அனுப்பிய தூண்டில் பெட்டியைச் சாலைத் தடுப்பில் போலீஸார் பிரித்திருக்கிறார்கள். சிவப்பு இறகு கட்டிய முள்ளைக் கண்டதுமே முகம் மாறிவிட்டதாம். கூடவே உங்கள் கையெழுத்தில் ஒரு சீட்டு: "சிவப்பு ஆழத்துக்குள் போய்விட்டால் கண்ணுக்குத் தெரியாது, கறுப்பாகிவிடும். நீலம்தான் கடைசிவரை நிற்கும்." மச்சான், கம்யூனிஸ்டுகளைத் தேடிக் காடு காடாக அலைகிறவர்கள் படிக்க வேண்டிய வாசகமா இது! என்னை அழைத்துப் போய் அடையாள அட்டையைப் பிடுங்கிக்கொண்டார்கள். அட்டை இல்லாமல் தடுப்பைத் தாண்ட முடியாது. வெள்ளிக்கிழமை உங்கள் வீட்டில் என் மகளுக்கு நிக்காஹ், பெற்றவன் நான் இங்கே.

"எந்தக் காட்டுக்குள்ள அண்ணே செவப்பு போவுது?" என்று கேட்டார் போலீஸ் மொழிபெயர்ப்பாளர் குழந்தைவேலு. "காடு இல்லலா தம்பி, தண்ணி! மீன் புடிக்கிற சாமான்லா!" என்று அலறினேன், அவர் அதை மலாயில் சொல்ல, இன்ஸ்பெக்டர் நம்பாமல் என்னை ஜீப்பில் ஏற்றி, புக்கிட் செலம்பாவில் கல்லுடைத்த பழைய குட்டைக்குக் கொண்டுபோனார், அங்கே தண்ணீர் தெளிவு, ஆழமும் அதிகம், நான் ஒரே நூலில் சிவப்பையும் நீலத்தையும் கட்டி, பிஸ்மில்லா சொல்லி இறக்கினேன், பத்து முழம் போவதற்குள் சிவப்பு மங்கி மங்கிக் கரிக்கட்டை ஆகிவிட்டது, நீலம் நீலமாகவே நின்றது, "அட, ஆமாலா!" என்று வாயைப் பிளந்தார் குழந்தைவேலு. அல்லாஹ் காப்பாற்றினான். இன்ஸ்பெக்டரும் தூண்டில் பைத்தியமாம். அட்டையைத் திருப்பித் தந்துவிட்டு, இரண்டு முள்ளையும் தமக்கென்று வைத்துக்கொண்டார்.

ஆகவே இனிமேல் சிவப்பு வேண்டவே வேண்டாம், நீலமாகவே அனுப்புங்கள். வெள்ளிக்கிழமை முதல் பஸ்ஸில் குடும்பத்தோடு வந்துவிடுவேன், இன்ஷா அல்லாஹ். பெரியவர்களுக்கு ஸலாம், பிள்ளைகளுக்கு என் துஆ.

தங்கள் அன்பு மறவாத,
நாகூர் மீரான்

பின்குறிப்பு: உறையை ஒட்டுவதற்குள் இன்ஸ்பெக்டர் கடைக்கே வந்துவிட்டார், கையில் இரண்டு முழ நீளத்தில் தோமான், அதான் நம்மூர் விரால் ஜாதிப் பெரிய மீன். கடித்தது சிவப்பைத்தானாம். கீழேயிருந்து அண்ணாந்து பார்க்கிற மீனுக்குக் கறுப்புத்தான் எடுப்பாகத் தெரியுமாம். மேலே எழுதியதெல்லாம் தள்ளுபடி, சிவப்பே அனுப்புங்கள். மனிதருக்கு மகிழ்ச்சி தாங்கவில்லை, எங்களைத் தாமே கல்யாணத்துக்குக் கொண்டுவந்து விடுவதாகப் பிடிவாதம். அதனால் மணப்பெண் போலீஸ் ஜீப்பில் வந்து இறங்குவாள். மாப்பிள்ளை வீட்டாரிடம் முன்கூட்டியே சொல்லி வையுங்கள், ஓடிவிடப் போகிறார்கள்.