மாமாவுக்கு ஆறு குடம்

மாமனாரின் மனதைக் கவரப் புறப்படும் மருமகன் எவனும் முழு மூளையோடு புறப்படுவதில்லை. நான் பாதி மூளையையும் வீட்டில் வைத்துவிட்டுப் போனவன்.

தொண்ணூறுகளின் தொடக்கம், போர்க்காலம். பெற்றோல் இல்லை, கரண்ட் இல்லை. எனக்குப் புதுமனைவி மட்டும் இருந்தாள். நான் குருநகர்க் கத்தோலிக்கன். வதனி சண்டிலிப்பாய்த் தோட்டக்காரரின் ஒரே மகள், சைவம். காதல் கலியாணம். அன்றிலிருந்து அவளுடைய அப்பா என்னோடு ஒரு சொல்லும் பேசவில்லை. வதனி கர்ப்பமான செய்தி போனபிறகுதான், ஞாயிறு மத்தியானம் சாப்பிட வருவதாகச் சொல்லியனுப்பினார்.

நாங்கள் இருந்த வாடகை வீட்டு முற்றம் முழுக்கச் சீமெந்து. ஒரு புல்லும் முளைக்காது. தோட்டக்காரரை அங்கே எப்படி வரவேற்பது? சாடிகளில் தோட்டம் போடுவதென்று முடிவெடுத்தேன்.

“கிணத்தடியிலை பழைய பெயின்ற் வாளியள் கிடக்குது. அதிலை மிளகாய் நட்டாலும் காய்க்கும்” என்றாள் வதனி.

“உங்கடை அப்பா வாளியைப் பாத்தால் என்ன நினைப்பார்?” என்று சைக்கிளை எடுத்துக்கொண்டு அச்சுவேலிச் சந்தைக்குப் போனேன்.

அங்கே அகன்ற சட்டிகள் நிறைய இருந்தன. செடி வைக்க அவைதான் தோது. (இது இப்போது தெரிகிறது.) என் கண் போனது கழுத்து ஒடுங்கி வயிறு பருத்த மண்குடங்களில்தான். என்ன அழகு!

“அக்கா, இதிலை ஓட்டை போட்டால் வெடிக்குமோ?”

சட்டி விற்ற அக்காவின் முகம் வாடியது. “மெல்லமாக் குத்தினால் வெடிக்காது தம்பி. ஆருக்கு?”

“என்ரை மாமாவுக்கு.”

“ஐயோ! வயசாளியோ?”

“அறுபது தாண்டீட்டுது. ஞாயிறு மத்தியானம்தான் எல்லாம்.”

“அவ்வளவு நாள் வைச்சிருக்கப் போறியளோ? பிள்ளையள் வெளியிலையிருந்து வரவேணுமாக்கும்.”

“ஒரே மகள்தான். அவ என்னோடைதான் இருக்கிறா. ஆறு குடம் தாங்கோ.”

அவ திடுக்கிட்டா. “ஒராளுக்கு ஏன் தம்பி ஆறு?”

“வரிசையா வைச்சால் வடிவா இருக்கும், அக்கா.”

அதற்குப் பிறகு அவ என்னோடு கதைக்கவில்லை. குடங்களைத் தந்துவிட்டுச் சற்றுத் தள்ளிப் போய் இருந்துகொண்டா. வியாபாரம் செய்யத் தெரியாத மனிசி என்று நினைத்துக்கொண்டேன்.

ஞாயிறு காலை மாமாவுக்காக மரக்கறி சமைத்தேன். வெங்காயம் தாளித்த மணம் வதனிக்குக் குமட்டியது. விறாந்தையில் பாய் விரித்து, என் வெள்ளை வேட்டியொன்றால் தலையோடு போர்த்திக்கொண்டு படுத்துவிட்டாள். நான் ஆணியால் குடமொன்றின் அடியில் ஓட்டைகள் குத்தினேன். தண்ணீர் சரியாக வடிகிறதா என்று பார்க்கவேண்டுமே! கிணற்றடியில் நிரப்பினேன். ஈரக்குடம் கையில் வழுக்கியது. தோளில் தூக்கி வைத்தேன். வெயில் எங்கே நன்றாக விழுகிறது என்று பார்த்தபடி, மேலுக்குச் சட்டையில்லாமல், முதுகில் தண்ணீர் சீறிக்கொண்டிருக்க, வீட்டைச் சுற்றி வந்தேன்.

படலையைத் திறந்துகொண்டு மாமா நின்றார்.

சைவர்களின் சுடலையில், செத்தவரின் மகன் தண்ணீர்க் குடத்தைத் தோளில் வைத்துக்கொண்டு சிதையைச் சுற்றுவான். குடத்தில் ஓட்டை போடுவார்கள். தண்ணீர் வடியும். எங்கள் கத்தோலிக்கர் பக்கத்தில் சவப்பெட்டியும் சேமக்காலைக் கல்லறையும்தான். சுடலைக்குள் நான் காலே வைத்ததில்லை.

மாமா என்னைப் பார்த்தார். குடத்தைப் பார்த்தார். விறாந்தையில் வெள்ளைத்துணி மூடிக் கிடந்த தன் மகளைப் பார்த்தார்.

“ஐயோ, என்ரை பிள்ளை!”

அந்தக் குரலில் நான் பயந்து பிடியை விட்டேன். குடம் எனக்குப் பின்னால் விழுந்து சிதறியது. (சடங்கில் கடைசியாகக் குடத்தை முதுகுக்குப் பின்னால் போட்டு உடைப்பார்களாம். அதையும் குறைவில்லாமல் செய்து முடித்திருக்கிறேன்.)

மாமா ஓடிப்போய் மகளின் காலடியில் விழுந்தார். வதனி வேட்டியை விலக்கி எழுந்தாள்.

“என்னப்பா, வந்திட்டியளே?”

 மாமா அவளுடைய முகத்தை இரண்டு கையாலும் தடவித் தடவிப் பார்த்தார். அழுதார். செல்குண்டு விழுந்து சொல்லாமல் கொள்ளாமல் ஆட்கள் செத்துக்கொண்டிருந்த காலம் அது. அவருடைய பயம் விளையாட்டில்லை. நான் ஓடுகளைப் பொறுக்குவதுபோல் குனிந்தே நின்றேன். நிமிர முகம் இருக்கவில்லை.

மூவரும் சாப்பிட இருந்தோம். வதனிதான் மெல்லக் கேட்டாள்: “உந்தக் குடத்தை ஏன் வாங்கினனீங்கள்? விக்கிறவை ஒண்டும் கேக்கேல்லையே?”

சந்தையில் நடந்ததை ஒன்றும் விடாமல் சொன்னேன். ‘ஒராளுக்கு ஏன் ஆறு’ என்ற இடம் வந்தபோது மாமாவின் தோள் குலுங்கத் தொடங்கியது. சோறு புரைக்கேறியது. தண்ணீரை நீட்டினேன். வாங்கிக் குடித்துவிட்டு, என் முகத்தைப் பார்த்து முதன்முதலாகப் பேசினார்.

“தம்பி, நான் உயிரோடை இருக்கேக்கையே எனக்கு ஆறோ?”

பின்னேரம் பெயின்ற் வாளிகளைத் தானே கழுவி வெயிலில் கவிழ்த்துவிட்டுத்தான் போனார். அந்த வருஷம் மிளகாய் நன்றாகக் காய்த்தது. மகளும் பிறந்தாள்.

அதன்பிறகு கலியாணமோ கோயில் திருவிழாவோ, சொந்தக்காரர் கூடும் இடமெல்லாம் மாமா என் தோளில் கைபோட்டு எல்லாருக்கும் கேட்கச் சொல்வார்:

“ஆம்பிளைப் பிள்ளை இல்லையெண்டு எனக்கொரு கவலை இருந்தது. இப்ப இல்லை. மருமோன் பழகிப்போட்டார்.”