தையல்கடையில் ஆறும் எஞ்சின்

அன்புள்ள அண்ணனுக்கு,

தங்கை எழுதுவது. நீங்களும் அண்ணியும் பிள்ளைகளும் சுகமாக இருக்க வேண்டும். இங்கே உங்கள் மாப்பிள்ளை ரொம்பச் சுகமாக இருக்கிறார். அதைப் பற்றித்தான் இந்தக் கடிதம்.

எங்கள் தெருக்கோடியில் ஒருத்தி தையல்கடை வைத்திருக்கிறாள். அவள் ஜெனரேட்டர் கயிற்றை எவ்வளவு இழுத்தாலும் ஸ்டார்ட் ஆகவில்லை, வால்வு சரியாக உட்காராமல் காற்று கசிகிறது என்று இவர் போனார். போனவர் போனவர்தான். எதுவானாலும் தம் பட்டறைக்குத் தூக்கி வரச் சொல்லுகிற மனுஷன், இதற்கு மட்டும் கருவிப்பெட்டியைச் சுமந்துகொண்டு தினமும் அங்கே போகிறார். கேட்டால், "வால்வு உட்கார்ற சீட்டெல்லாம் குழி விழுந்திருக்கு. பதமா வெட்டித் தேய்க்கணும், அவசரப்பட்டா ஆகாது" என்கிறார். நம் வீட்டுக் குழாய் மாதக்கணக்காகச் சொட்டுகிறது, அதற்கு இந்தப் பதம் வரவில்லை. தேய்த்தாயிற்றா, அப்புறம் வால்வைத் தள்ளுகிற டேப்பெட்டுக்கு இடைவெளி வைக்கணுமாம். சூட்டோடு அளந்தால் தப்பாகக் காட்டுமாம், ஓட்டிப் பார்த்தால் சூடாகிவிடுமாம், மறுபடி ஆறணுமாம். அது ஆறும்வரை இவர் அவள் கடையில் காபி குடித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பாராம். என் கோபம் ஆறுவதற்கு இவர் ஒரு நிமிஷமாவது காத்திருந்ததுண்டா, நீங்களே சொல்லுங்கள். அவள் இவரை 'அண்ணே' என்றுதான் கூப்பிடுகிறாள். அதில்தான் எனக்குச் சந்தேகமே.

எஞ்சினுக்கு இழுப்பு இன்னும் போதவில்லை, புகை போகிற பக்கத்து வால்வு கசிகிறது என்று திரும்பவும் கழற்றினார். நேற்று எனக்குப் பொறுக்கவில்லை. நல்ல புடவையாக உடுத்திக்கொண்டு போய் நின்றேன். அவள் எஞ்சின் மண்டையை முன்னால் வைத்து, வால்வில் ஒட்டிய குச்சியை இரண்டு உள்ளங்கைக்கும் நடுவே உருட்டிக்கொண்டிருக்கிறாள். இவர் ஸ்டூலில் உட்கார்ந்து, "அப்படித்தான். நல்ல கை" என்கிறார். கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் என் கையைப் பற்றி ஒரு வார்த்தை உண்டா அண்ணா?

அந்த நேரம் பார்த்து யாரோ தைத்த துணி வாங்க வந்தார்கள். "அக்கா, இதைக் கொஞ்சம் பிடிங்க" என்று குச்சியை என் கையில் திணித்துவிட்டுப் போய்விட்டாள். வந்த கோபத்தையெல்லாம் அந்த வால்வில் காட்டினேன்.

"அழுத்தாதே. அப்பப்பத் தூக்கித் திருப்பி வை" என்றார்.

அவளுக்குப் பாராட்டு, எனக்குப் பாடம். பல்லைக் கடித்துக்கொண்டு தேய்த்தேன். துடைத்துப் பார்த்தால் சீட்டைச் சுற்றி ஒரே சீராகச் சாம்பல் வளையம். பெட்ரோல் ஊற்றிப் பார்த்தார், ஒரு சொட்டுக் கசியவில்லை. திரும்பி வந்த அவள்தான், "அண்ணே, அக்கா கை என் கையைவிட நல்லாருக்கே" என்றாள். இவரோ பெட்ரோல் டப்பாவின் மூடியைத் தேடுகிறவர் போலக் குனிந்துகொண்டார்.

இனி இந்த வீட்டில் எனக்கு என்ன இருக்கிறது? உடனே வந்து இவரை நாலு வார்த்தை கேளுங்கள். இல்லையென்றால் என்னை அங்கே அழைத்துக்கொண்டு போங்கள். அண்ணியைக் கேட்டதாகச் சொல்லுங்கள், பிள்ளைகளுக்கு என் முத்தம்.

அழுதுகொண்டே,
தங்கை

பி.கு.: நீங்கள் வர வேண்டாம். இன்று டேப்பெட் இடைவெளியை நானே வைத்தேன். அளவுத் தகட்டை உள்ளே விட்டு இழுத்தால் லேசாகப் பிடிக்கணும், அவ்வளவுதான் வித்தை. முதல் இழுப்பிலேயே ஸ்டார்ட் ஆகிவிட்டது. நாளையிலிருந்து அவளும் நானும் சேர்ந்து பக்கத்துத் தெருப் புல்வெட்டும் மெஷினைக் கழற்றப் போகிறோம், அவள் தங்கமானவள். உங்கள் மாப்பிள்ளை இப்போது என் எதிரிலேயே உங்களுக்கு ஒரு கடிதம் எழுதிக்கொண்டிருக்கிறார். நான் பொழுதுக்கும் அந்தக் கடையிலேயே கிடக்கிறேனாம். அதை நம்பாதீர்கள் அண்ணா, மனுஷன் பொறாமையில் எழுதுகிறார்.