முயல்களைக் கரை சேர்த்த ஃபைல்கள்

ஒரு காட்டில் ஒரு நீச்சல் கல்லூரி இருந்தது. காட்டில் எதற்குக் கல்லூரி என்று கேட்காதீர்கள், உங்கள் ஊரில் முட்டுச்சந்துக்குள்ளேயே மூன்று இருக்கிறது. இந்தக் கல்லூரி ஆற்றின் தாழ்ந்த கரையில் இருந்தது. ஆடிப்பெருக்கு வாக்கில் வெள்ளம் வந்தால் அந்தக் கரை முழுக்க முங்கிப்போகும். அங்கே குடியிருந்த முயல்கள் அதற்குள் நீந்தக் கற்றுக்கொண்டு எதிர்மேட்டுக்குப் போய்ச் சேர வேண்டும். சேர்ந்தால் பாஸ். சேராவிட்டால் மறுதேர்வு கிடையாது.

நீச்சல் சொல்லிக்கொடுத்தது ஒரு நீர்நாய். பதினோரு வருஷமாகக் கௌரவ விரிவுரையாளர். மூச்சை அடக்குவது, காலை உதைப்பது, சுழலில் மாட்டினால் முட்டி மோதாமல் பக்கவாட்டில் நழுவுவது, இவ்வளவுதான் அதன் பாடத்திட்டம். அந்தப் பதினோரு வருஷத்தில் ஒரு முயலைக்கூட அது ஆற்றுக்கு விட்டுக்கொடுத்ததில்லை. முதல்வர் ஓர் உடும்பு. அது நாற்காலியைப் பிடித்திருந்த பிடியைப் பற்றி நான் தனியாக வேறு சொல்ல வேண்டுமா?

சித்திரை மாதம் ஒரு கடிதம் வந்தது. ஆடி பதினேழாம் தேதி தர மதிப்பீட்டுக் குழு வருகிறது, பார்த்து கிரேடு போடும், கிரேடு கிடைக்காத கல்லூரியை இழுத்து மூடிவிடுவார்கள் என்று அதில் இருந்தது. உடும்பு அன்றைக்கே கூட்டம் போட்டுத் தூக்கணாங்குருவியைத் தர ஒருங்கிணைப்பாளர் ஆக்கியது. குருவிக்கு நீந்தத் தெரியாது. ஆனால் எதையும் எதோடும் சேர்த்துப் பின்னத் தெரியும். அறிக்கை எழுத வேறென்ன வேண்டும்?

மறுநாளிலிருந்து வகுப்புகள் ரத்து. ஆசிரியர், மாணவர் அத்தனை பேரும் ஃபைல் வேலைக்கு வர வேண்டும் என்று சுற்றறிக்கை வந்தது. குருவி முதலில் நீர்நாயைத்தான் கூப்பிட்டது.

"போன வருஷம் எத்தனை பேர் அக்கரை சேர்ந்தாங்க, மேடம்?"

"இருபத்தொன்பது பேரும்."

"ஆதாரம்?"

"அதோ அக்கரையில புல்லு மேய்ஞ்சிட்டு இருக்காங்களே, சார்."

"அது மேயறதுக்கு ஆதாரம். நீந்தினதுக்கு இடம், நேரம் பதிஞ்ச ஜியோடேக் போட்டோ இருக்கா?"

"நான் தண்ணிக்குள்ள இருந்தேன்."

"அப்ப அது நடக்கல, மேடம்" என்று குருவி ரொம்ப மரியாதையாகச் சொல்லிவிட்டு, படிவத்தில் அதற்கான கட்டத்தில் பூஜ்யம் போட்டது.

அதற்குப் பிறகு காடே அமளிப்பட்டது. காட்டுச் செடிகளைப் பிடுங்கிக் காட்டுக்கு நடுவிலேயே நட்டு, பெயர்ப்பலகை குத்தி, மூலிகைத் தோட்டம் என்றார்கள். ஆற்றை ஒட்டி மழைநீர் சேகரிப்புத் தொட்டி கட்டினார்கள். முன்னாள் மாணவர் சங்கம் மூன்று வருஷமாகக் கூடியதாக ஒரே மத்தியானத்தில் மூன்று சட்டை மாற்றிப் போட்டோ எடுத்தார்கள். கட்டடம் ஓதம் காத்து ஈரமாகவே இருந்ததால் குருவி ஒவ்வொரு தாளையும் லேமினேட் செய்து, ஒவ்வொரு ஃபைலையும் பாலித்தீனில் சுற்றி, நானூற்றுப் பன்னிரண்டு ஃபைல்களையும் கொடியால் வரிசை வரிசையாகப் பிணைத்து அடுக்கியது. அந்த முடிச்சு மட்டும் நிஜமாகவே தரமானது, அதை மறைக்கக் கூடாது.

ஆடியும் பிறந்தது. அந்த வருஷத்து முயல்கள் முப்பத்திரண்டு. அதில் ஒன்றுக்குக்கூட மூச்சடக்கத் தெரியாது. தும்பை என்றொரு வெள்ளை முயல் தினமும் ஃபைலுக்கு நம்பர் ஒட்டிக்கொண்டே, நீச்சல் எப்போது மேடம் என்று கேட்கும். ஒருநாள் விடிந்தும் விடியாததுமாக நீர்நாய் பிள்ளைகளை ஆற்றுக்குக் கூட்டிப்போனது. முட்டளவு தண்ணீரில் இறங்குவதற்குள் குருவி பறந்து வந்து, வரவேற்பு நடன ஒத்திகைக்கு நேரமாகிவிட்டது என்று எல்லோரையும் ஓட்டிக்கொண்டு போய்விட்டது.

நீர்நாய் நேராக முதல்வர் அறைக்குப் போனது.

"கிரேடு வந்தா கல்லூரி பிழைச்சிடும் சார். பிள்ளைங்க பிழைக்க வேண்டாமா?"

உடும்பு கொஞ்சமும் கோபப்படவில்லை. "அதுக்கும் ஃபைல் போட்டிருக்கோம், மேடம். மாணவர் நலன்னு இருக்கும் பாருங்க. நாலாவது அலமாரி."

பதினேழாம் தேதி குழு வந்தது. தலைவர் ஓர் ஒட்டகம், பாலைவனப் பல்கலைக்கழகத்தில் நீரியல் துறைக்குத் தலைமை வகித்து ஓய்வுபெற்றது. உறுப்பினர்கள் இரண்டு கோட்டான்கள். பகலில் கண் தெரியாது என்பதால் அவை பார்வையிடுவதற்கு ஒரு தடையும் இருக்கவில்லை. பொன்னாடை திமிலில் நிற்காமல் வழுக்கி வழுக்கி விழ, மூன்று தடவை போர்த்தினார்கள், மூன்று போட்டோ கிடைத்தது. ஒட்டகம் ஆற்றை எட்டிப் பார்த்து, கல்லூரிக்கு இவ்வளவு பக்கத்தில் தண்ணீர் இருப்பது பாதுகாப்பில்லை என்று குறித்துக்கொண்டது. பிறகு முயல்கள் ஜமுக்காளத்தில் குப்புறப் படுத்து, பாட்டுக்கு ஏற்றபடி கையும் காலும் ஆட்டி நீந்திக் காட்டின. ஒருவர்கூட நனையவில்லையே என்று ஒட்டகம் மனம் நெகிழ்ந்து பாராட்டியது.

சாப்பாடு முடிந்து பீடா போடும் நேரத்தில் வெள்ளம் வந்துவிட்டது. ஒரு நாள் முன்கூட்டியே வந்துவிட்டது, அதற்கு யார் சுற்றறிக்கை அனுப்பினார்கள்?

உடும்பு மருதமரத்தில் ஏறிக்கொண்டது, கையில் போன். குருவி பறந்துவிட்டது. ஒட்டகத்துக்குத் தண்ணீர் வயிற்றளவுதான், கோட்டான்களைத் திமிலில் ஏற்றிக்கொண்டு நடந்தது. நாலு பிள்ளைகளையாவது ஏற்றிக்கொள்ளுங்கள் ஐயா என்று நீர்நாய் கெஞ்சியது. மதிப்பிடும் கல்லூரிக்குக் குழு உதவினால் நடுநிலை கெட்டுவிடும் என்று சொல்லிவிட்டு ஒட்டகம் மேடேறிப் போய்விட்டது.

ஜமுக்காளத்தில் கற்ற நீச்சல் தண்ணீரில் எடுபடவில்லை. முயல்கள் சுவரோரம் ஒண்டிக்கொண்டு நடுங்கின. அந்த நேரம் பார்த்து அலமாரிகளெல்லாம் உடைந்து, நானூற்றுப் பன்னிரண்டு ஃபைல்களும் ஒரே தெப்பமாக மிதந்து வெளியே வந்தன. "எல்லாரும் ஏறுங்கடா" என்று நீர்நாய் கத்தியது. முப்பத்திரண்டும் ஏறின. ஏறினால் போதுமா, வெள்ளம் இழுத்துக்கொண்டல்லவா போகும்? நீர்நாய் அடியில் முங்கி, முதுகைக் கொடுத்து, அந்தத் தெப்பத்தை அங்குலம் அங்குலமாக எதிர்மேட்டுக்குத் தள்ளியது. இரண்டு தடவை சுழலில் மாட்டியது. மிதந்து வந்த கட்டை ஒன்று இடித்து முன்னங்கால் பிசகியது. கடைசி முயல் மேட்டில் குதித்த பிறகு நீர்நாய் பிடி விட்டுப்போய், ஆற்றோடு உருண்டு கீழ்வளைவு மணலில் போய் விழுந்தது. நல்லவேளை, உயிர் இருந்தது.

மரத்து மேலிருந்து உடும்பு எடுத்த போட்டோ அருமையாக வந்திருந்தது. இடம், தேதி, நேரம், ஃபைல் மேல் முப்பத்திரண்டு முயல்கள், எல்லாம் இருந்தன. ஆவணங்களே மாணவர்களைக் கரை சேர்த்த அரிய நடைமுறை என்று எழுதி, ஒட்டகம் ஏ பிளஸ் பிளஸ் போட்டுக் கொடுத்தது.

நீர்நாய் நொண்டிக்கொண்டு வந்து சேர்ந்தபோது அதற்கு மெமோ காத்திருந்தது. குழு வந்த நாளன்று பிற்பகல் தாங்கள் எந்தப் போட்டோவிலும் இல்லை, விளக்கம் தருக. தும்பை அக்கரையிலிருந்து ஆற்றை நீந்திக் கடக்கத் தெரியாமல், தண்ணீர் வடியும்வரை காத்திருந்து ஓடி வந்தது. "மேடம் அடியில இருந்தாங்க சார். ஃபைல் இடுக்கு வழியா அவங்க முதுகை நான் தொட்டேன்" என்று அழுதது.

குருவி தும்பையின் முதுகைத் தடவிக்கொடுத்து, "போட்டோ இருக்காம்மா?" என்று கேட்டது.

நீர்நாயை வேலையை விட்டு அனுப்பிவிட்டார்கள். நீச்சல் பாடத்தையும் எடுத்துவிட்டு, ஃபைல் மிதவையியல் என்று மூன்று வருஷப் படிப்பு தொடங்கினார்கள். அடுத்த ஆடியில் வெள்ளம் வந்ததும் புது முயல்கள் ஒழுங்காக வரிசையில் நின்று ஃபைல்களில் ஏறி உட்கார்ந்தன. ஃபைல்களும் மிதந்தன. அடியிலிருந்து தள்ளத்தான் யாரும் இல்லை. தெப்பம் ஆற்றோடு போய் வளைவில் மறைந்தது. உடும்பு அதையும் போட்டோ எடுத்து, மாணவர்கள் மேற்படிப்புக்கு வெளிநாடு சென்றனர் என்று கணக்கில் ஏற்றிவிட்டது.

கீழ்வளைவு மணலில் ஒரு நொண்டி நீர்நாயும் ஒரு வெள்ளை முயலும் சேர்ந்து அந்தப் பிள்ளைகளை ஒவ்வொன்றாக இழுத்துக் கரையேற்றின. மறுநாளே அங்கே மூச்சடக்கும் வகுப்பு ஆரம்பமாகிவிட்டது. அதற்குக் கிரேடும் இல்லை, போட்டோவும் இல்லை. ஆகவே, விதிப்படி, அதுவும் நடக்கவில்லை.

நீதி: யாரையாவது காப்பாற்றுவதாக இருந்தால், முதலில் தலையைத் தண்ணீருக்கு வெளியே நீட்டி, போனைப் பார்த்துச் சிரித்துவிட்டு, நேரமிருந்தால் காப்பாற்றவும்.